கேம்பர் வேனுக்கு இயற்கைப் பொருட்களால் வெப்பக்காப்பு: முதல்முறை செய்பவர்களுக்கு

கேம்பர் வேன் என்பது உள்ளேயே சமைத்து உறங்கிப் பயணிக்கும் வண்டி. உள்ளே எதுவும் ஒட்டாமல் வெறும் தகடாக இருக்கும் அப்படியொரு வேனில், கதவு ஜன்னல் எல்லாம் சாத்திவிட்டு ஒரு குளிர் இரவு படுத்துப் பாருங்கள். விடியற்காலையில் கூரையின் உட்பக்கம் கை வைத்தால் கை நனையும். மழை ஒழுகிய நீர் என்றுதான் முதலில் நினைப்போம். உண்மையில் அது நம் மூச்சு. இரவெல்லாம் விட்ட மூச்சும் உடம்பின் வியர்வையும் ஆவியாகிப் போய், சில்லென்றிருந்த தகட்டில் பட்டு நீராகியிருக்கிறது. இரண்டு பேர் ஓர் இரவு உறங்கினால் ஏறக்குறைய அரை லிட்டர் நீர் இப்படிக் காற்றில் கலக்கிறது. உள்ளேயே எரிவாயு அடுப்பில் சமைத்தால் இன்னும் கூடும். 1 கிலோ எரிவாயு எரியும்போது 1.5 கிலோவுக்கும் அதிகமான நீராவி வெளியாகிறது.

வேனுக்கு வெப்பக்காப்பு செய்ய வருபவர்கள் பெரும்பாலும் ‘எந்தப் பொருள் வெப்பத்தை அதிகம் தடுக்கும்?’ என்று கேட்டபடிதான் வருகிறார்கள். ‘இந்த ஈரம் எங்கே போகும்?’ என்ற கேள்வியை அதற்கு முன்னால் வையுங்கள் என்பேன். செம்மறி ஆட்டுக் கம்பளியையும் கார்க் என்ற மரப்பட்டையையும் நான் விடாமல் பரிந்துரைப்பதற்குக் காரணமே அந்த இரண்டாவது கேள்விதான்.

ஈரம் எப்படி நடந்துகொள்கிறது

20 டிகிரி செல்சியஸ் வெப்பமும் 60 சதவீத ஈரப்பதமும் உள்ள காற்று 12 டிகிரிக்குக் குளிர்ந்தால், அதிலுள்ள ஆவி நீராக மாறத் தொடங்கும். அந்த வெப்பநிலைக்குப் பனிநிலை என்று பெயர். குளிர் இரவுகளில் வேனின் வெளித்தகடு பெரும்பாலும் அதற்குக் கீழேதான் இருக்கும். அதாவது, காப்புப் பொருளைத் தாண்டித் தகடு வரை போய்ச் சேரும் ஆவி அங்கே நீராகியே தீரும். வீட்டுச் சுவர் என்றால் அந்த ஆவி வெளிப்பக்கமாகக் கொஞ்சமாவது கசிந்து போய்விடும். வேனின் வெளிப்பக்கமோ பெயின்ட் அடித்த இரும்பு; ஒரு துளி ஆவியும் அதைத் தாண்டாது. வந்த வழியிலேயே உள்ளே திரும்பித்தான் உலர வேண்டும்.

கம்பளி தன் எடையில் சுமார் மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை நாருக்குள் இழுத்து வைத்துக்கொள்ளும்; தொட்டால் ஈரமாகத் தெரியாது. பகலில் வெயில் ஏறி, கூரைக் காற்றாடி ஓடும்போது அந்த ஈரத்தைத் திரும்ப விட்டுவிடும். இரவில் வாங்கிப் பகலில் கொடுக்கும் இந்த மூச்சுதான் அதன் பெருமை. ஆனால் கம்பளி போட்டால் ஈரப் பிரச்சினையே வராது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பகலில் உலர வழியில்லாத வேனில் அதுவும் நிறைந்து போகும். கார்க் வேறு விதம். அதன் நுண்ணறைகள் மூடியவை. நீரை உறிஞ்சாது, எளிதில் மக்காது. தகட்டோடு இடைவெளியே இல்லாமல் ஒட்டிவிட்டால், ஆவி போய் நீராக அங்கே இடமே இருக்காது.

தடிமன் எவ்வளவு போதும்

வெப்பக் கடத்துதிறன் என்ற எண் எவ்வளவு சிறியதோ அவ்வளவு நல்லது. கம்பளிக்கும் கார்க்குக்கும் ஹெம்ப் என்ற செடியின் நாருக்கும் அது ஏறக்குறைய 0.04. பெட்ரோலியத்திலிருந்து செய்யும் நுரைப் பலகைகளில் சிறந்தவற்றுக்கு 0.022 வரை இறங்கும். ஒரே தடிமனில் அவை கூடுதலாகத் தடுக்கும். இதை மறைக்க வேண்டியதில்லை. இரும்புக்கு இந்த எண் சுமார் 50. கம்பளியைவிட ஆயிரம் மடங்குக்கும் மேல்.

இப்போது ஒரு சிறு கணக்கு. கூரையும் சுவருமாக 15 சதுர மீட்டர் பரப்பு, உள்ளுக்கும் வெளிக்கும் 20 டிகிரி வித்தியாசம் என்று வைத்துக்கொள்வோம். வெறும் தகட்டின் வழியே கிட்டத்தட்ட 1,770 வாட் வெப்பம் வெளியேறும். 25 மில்லிமீட்டர் கம்பளி வைத்தால் அது 380 வாட்டுக்கு இறங்கும். 50 மில்லிமீட்டருக்கு 210 வாட். 100 மில்லிமீட்டர் வைத்தால் 110 வாட். முதல் 25 மில்லிமீட்டரில் கிடைக்கும் பலன் மிகப் பெரியது; பிறகு ஒவ்வொரு அடுக்குக்கும் குறைந்துகொண்டே போகிறது. கூரையில் 100 மில்லிமீட்டர் அடைத்துவிட்டுக் குனிந்து நடப்பதில் பயனில்லை. 40 முதல் 50 மில்லிமீட்டர் என்பது பெரும்பாலான வேன்களுக்கு நியாயமான அளவு.

அதே கணக்கில் 2 சதுர மீட்டர் ஒற்றைக் கண்ணாடியை மூடாமல் விட்டால், அந்த வழியே மட்டும் 220 வாட்டுக்கு மேல் போய்விடும். பாடுபட்டு 50 மில்லிமீட்டர் காப்பு செய்த சுவர், கூரை அத்தனையும் சேர்ந்து இழப்பதைவிட அது அதிகம். கண்ணாடி மறைப்பைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடாதீர்கள்.

எந்தப் பொருள், எங்கே

ஆட்டுக் கம்பளி சுருளாகவோ மெத்தைத் துண்டாகவோ கிடைக்கும். வளைந்த சுவருக்கும் கோணல்மாணலான பொந்துக்கும் இதைப்போல் வளைந்துகொடுப்பது வேறில்லை. தீப்பற்றக் கிட்டத்தட்ட 570 டிகிரி வேண்டும். பற்றினாலும் தீமூலத்தை விலக்கினால் பெரும்பாலும் தானே அணைந்துவிடும். இதன் ஒரே பெரிய எதிரி அந்துப்பூச்சி. கம்பளியிலுள்ள கெராட்டின் புரதம்தான் அதன் புழுவுக்கு உணவு. எனவே வாங்கும்போதே பூச்சித்தடுப்புச் செய்யப்பட்டதா என்று கேட்டு வாங்குங்கள். பட்டியிலிருந்து நேராக வந்த கழுவாத மயிரை மலிவு என்று அடைத்துவிடாதீர்கள். எண்ணெய்ப்பசையும் வாடையும் பூச்சியும் சேர்ந்தே வரும்.

கார்க் என்பது கார்க் ஓக் மரத்தின் பட்டை. உலகக் கார்க்கில் பாதியளவு போர்ச்சுகலில் விளைகிறது. நட்டு ஏறக்குறைய 25 ஆண்டுகள் கழித்து முதல் பட்டையை உரிப்பார்கள். பிறகு 9 ஆண்டுகளுக்கு ஒருமுறை. மரத்தை வெட்டுவதில்லை. கடையில் இரண்டு வகை இருக்கும். கரும்பழுப்பு நிறப் பலகை, கார்க் துகள்களை நீராவியால் சூடேற்றி அவற்றின் சொந்தப் பிசினாலேயே ஒட்டவைத்தது. புதிதில் லேசான கருகல் வாசனை இருக்கும், போகப்போகக் குறையும். வெளிர் பழுப்புச் சுருளில் பெரும்பாலும் செயற்கைப் பிசின் கலந்திருக்கும். ஆனால் மெல்லிசாகக் கிடைப்பதால் வளைவுகளுக்கு அதுதான் உதவும்.

ஹெம்ப் மெத்தைகளும் நன்றாக வேலை செய்யும். பூச்சிக்கு அதில் உணவில்லை. உருவம் நிற்பதற்காகச் சிலவற்றில் செயற்கை இழை கலக்கிறார்கள், லேபிளைப் பாருங்கள். மரநார்ப் பலகை கனம் கூட; தட்டையான சுவர் உள்ள வண்டிகளுக்கு மட்டும் யோசிக்கலாம். பழைய துணியை அரைத்துச் செய்யும் பருத்திக் காப்பு ஒருமுறை நனைந்தால் அமுங்கிவிடும், உலர நாள் பிடிக்கும். வேனுக்கு நான் சொல்லமாட்டேன். இலவம்பஞ்சு நீரை ஒட்டவிடாது, இழைக்குள் முழுக்கக் காற்று, கையில் எடுத்தால் எடையே தெரியாது. ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் பதப்படுத்தாத இலவம்பஞ்சு மிக வேகமாகத் தீப்பிடிக்கும். அடுப்பும் மின்கம்பியும் படுக்கையும் நாலடி தூரத்துக்குள் இருக்கும் ஓர் அறையில் அதை வைக்க எனக்கு மனம் வராது.

எடையையும் பார்க்க வேண்டும். 20 சதுர மீட்டரை 50 மில்லிமீட்டர் தடிமனில் மூட 1 கன மீட்டர் பொருள் தேவை. கம்பளி என்றால் ஏறக்குறைய 20 கிலோ. கார்க் பலகை என்றால் 110 கிலோ. வண்டி சுமக்க அனுமதித்த மொத்த எடைக்குள்தான் தண்ணீர்த் தொட்டி, பேட்டரி, நீங்கள் எல்லாருமே அடங்க வேண்டும். என் தேர்வு இதுதான்: தரைக்கும் தகட்டைத் தாங்கும் இரும்பு விலாச் சட்டங்களுக்கும் கார்க், ஆழமான சுவருக்கும் கூரைக்கும் கம்பளி.

முதல் வேலை துரு

காப்பை அடைத்த பிறகு துருவைப் பார்க்கவே முடியாது. அதனால் பழைய தரைவிரிப்பு, பலகை, ஒட்டுப்பசை எல்லாவற்றையும் கழற்றித் தகடு தெரியும்வரை சுத்தம் செய்யுங்கள். துருப்பிடித்த இடத்தைக் கம்பித் தூரிகையால் பளபளக்கும்வரை தேய்த்து, துருமாற்றி தடவி, பிரைமர் அடித்து, மேலே பெயின்ட் பூசுங்கள். தேய்க்கும்போது முகக்கவசமும் கண்ணாடியும் போட்டுக்கொள்ளுங்கள். வெட்டிய தகட்டு விளிம்பு கத்தியைப்போல் கிழிக்கும், கையுறை இல்லாமல் தொடாதீர்கள்.

பிறகு மழைச் சோதனை. குழாய்த் தண்ணீரைக் கூரையிலும் ஜன்னல் ஓரங்களிலும் கதவு ரப்பரிலும் கால் மணி நேரம் பீய்ச்சுங்கள். உள்ளே ஒருவர் டார்ச்சோடு உட்கார்ந்து எங்காவது கசிகிறதா என்று பார்க்க வேண்டும். ஜன்னலோ காற்றாடியோ பொருத்தத் தகட்டை வெட்டுவதாக இருந்தால் அதையும் இப்போதே முடித்து, வெட்டிய விளிம்புக்குப் பெயின்ட் அடித்துவிடுங்கள்.

சுவரின் அடிப்பகுதியிலும் கதவுகளின் அடியிலும் சிறு துளைகள் இருக்கும். அவை நீர் வடிவதற்காக வைத்தவை. பசையாலோ பஞ்சாலோ அடைக்கவே கூடாது. பொந்தாக இருக்கும் தூண்களுக்குள்ளும் கதவின் அடிப்பாகத்திலும் நான் எதையும் திணிப்பதில்லை. மெழுகு கலந்த துருத்தடுப்பைப் பீய்ச்சிவிட்டுக் காலியாக விடுகிறேன். முன்னிருக்கைப் பக்கத் தூண்களிலும் கூரை ஓரத்திலும் காற்றுப்பை (ஏர்பேக்) இருக்கலாம், சீட் பெல்ட் சுருளும் அங்கேதான் இருக்கும். அந்த இடங்களை விட்டுவிடுங்கள்.

கம்பி இழுப்பது அடுத்தது

விளக்கு, காற்றாடி, பம்ப், சார்ஜர் எங்கெங்கே வரும் என்று தகட்டிலேயே சாக்குக்கட்டியால் வரையுங்கள். கம்பிகளைக் குழாய்க்குள் விட்டு, முடிந்தவரை காப்புக்கு உள்பக்கமாக, அதாவது அறையின் பக்கமாகக் கொண்டுபோங்கள். நான்கு பக்கமும் காப்பு மூடிய கம்பியில் சூடு வெளியேறாது. அதே மின்னோட்டத்துக்கு அது அதிகம் சூடேறும். தவிர்க்க முடியாத இடத்தில் ஒரு அளவு தடித்த கம்பியைப் போடுங்கள். மூடுவதற்கு முன் ஒவ்வொரு சுவரையும் அளவுகோலோடு படம் எடுத்து வையுங்கள். பின்னால் ஸ்க்ரூ முடுக்கும் ஒவ்வொரு முறையும் அந்தப் படம் தேவைப்படும்.

தரை

வேன் தரையில் பள்ளமும் மேடுமாக வரிகள் இருக்கும். பள்ளங்களை அதே அகலத்தில் வெட்டிய கார்க் பட்டைகளால் நிரப்பிச் சமமாக்குங்கள். மேலே 10 முதல் 20 மில்லிமீட்டர் கார்க் பலகையை இணைப்புகள் நேர்க்கோட்டில் வராமல் செங்கல் அடுக்குவதுபோல் மாற்றி மாற்றிப் பரப்புங்கள். அதற்கு மேல் 9 அல்லது 12 மில்லிமீட்டர் பிளைவுட். கார்க் எடையைத் தாங்கும் என்பதால் நடுவில் மரச்சட்டம் வேண்டியதில்லை. ஓரங்களில் சில மில்லிமீட்டர் இடைவெளி விடுங்கள். தரையில் துளை போடும் முன் வண்டிக்கு அடியில் படுத்து, எரிபொருள் தொட்டியும் பிரேக் குழாயும் எங்கே போகின்றன என்று பார்க்காமல் டிரில்லைத் தொடாதீர்கள்.

விலாச் சட்டங்கள்: பலர் கோட்டைவிடும் இடம்

தகட்டுக்கு நடுவில் எவ்வளவு கம்பளி வைத்தாலும், இரும்புச் சட்டங்கள் அறைக்குள் தலைநீட்டிக்கொண்டிருந்தால் வெப்பம் அதன் வழியே ஓடும். வெப்பப் பாலம் என்பது இதுதான். குளிர்காலத்தில் எந்த இடத்தில் முதலில் வியர்க்கிறது என்று பார்த்தால், இந்தச் சட்டங்களின் வரிசை அப்படியே கோடு போட்டதுபோல் தெரியும். சட்டத்தின் முகத்திலும் பக்கங்களிலும் 3 முதல் 6 மில்லிமீட்டர் கார்க் ஒட்டுங்கள். மெல்லியதுதானே என்று தோன்றும். ஆனால் கதகதப்பான காற்று சில்லென்ற இரும்பை நேராகத் தொடாமல் இருப்பதே பாதி வெற்றி.

ஒட்டுவதற்கு முன் தகட்டை ஸ்பிரிட்டால் துடைத்து எண்ணெய்ப்பசையை எடுத்துவிடுங்கள். பசையைத் தகடு, கார்க் இரண்டிலும் தடவி, விரலில் ஒட்டாத பதம் வரும்வரை காயவிட்டு, பிறகு ஒரே அழுத்தாக அழுத்துங்கள். குறிப்பாக நீர் கலந்த பசையில் அவசரப்பட்டால், தகட்டுக்கும் கார்க்குக்கும் நடுவில் சிக்கிய நீர் போக வழியில்லாமல் பசை வாரக்கணக்கில் பச்சையாகவே இருக்கும். நான் முதலில் செய்த வேனில் கூரைக்குச் சாதாரணப் பசையைப் போட்டேன். வெயில் ஏறிய ஒரு மதியம் நாலு துண்டுகள் மொத்தமாகக் கழன்று விழுந்தன. வெயிலில் நிற்கும் அடர்நிறக் கூரைத் தகடு 70 டிகிரியைத் தாண்டும். அந்தச் சூட்டைத் தாங்கும் என்று டப்பாவில் எழுதியிருக்கும் பசையை மட்டுமே கூரைக்கு வாங்குங்கள். ஒட்டும்போது எல்லாக் கதவும் திறந்திருக்கட்டும், அருகில் தீ வேண்டாம்.

சுவரிலும் கூரையிலும் கம்பளி

கம்பளியை அழுத்தித் திணிப்பதுதான் புதியவர்கள் செய்யும் முதல் தவறு. வெப்பத்தைத் தடுப்பது நாருக்கு நடுவே அசையாமல் நிற்கும் காற்று; அமுக்கினால் அந்தக் காற்று போய்விடும். பொந்தின் அளவைவிட எல்லாப் பக்கமும் 1 முதல் 2 சென்டிமீட்டர் கூடுதலாக வெட்டி, மெல்ல உள்ளே வைத்து, விரலால் கோதிவிட்டு நிரப்புங்கள். கத்தரியைவிட நீளமான பல்வைத்த ரொட்டிக் கத்தி நன்றாக வெட்டும். கார்க்குக்கோ கூர்மையான புதுப் பிளேடு போதும். கம்பளியில் கண்ணாடி இழையைப்போல் உடம்பு அரிப்பதில்லை. குழந்தைகளும் கூட இருந்து வேலை செய்யலாம்.

ஓடும் வண்டியின் அதிர்வில் கம்பளி நாளாவட்டத்தில் கீழே சரியும். இதைத் தடுக்கச் சட்டத்துக்குச் சட்டம் சணல் கயிற்றைக் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டுங்கள். கூரையில் ஒரு கைப்பிடி அகலத்துக்கு ஒரு கயிறு, சுவரில் அதற்கு இரு மடங்கு தூரம் போதும். சுவரின் அடியில் கடைசி 5 சென்டிமீட்டரைக் கம்பளி இல்லாமல் விடுங்கள்; எங்காவது நீர் இறங்கினாலும் கம்பளி திரிபோல் அதை மேலே இழுக்காது. பக்கக் கதவும் பின்கதவும் மழைநீர் இறங்கும் இடங்கள் என்பதால் அங்கே கம்பளியைத் தவிர்த்து, தகட்டில் கார்க் ஒட்டுவது நல்லது. ஜன்னல் கண்ணாடி இறங்கும் கதவானால் அதன் இயக்கத்துக்கு இடம் விடுங்கள்.

ஹீட்டரின் புகைக்குழாய், அடுப்பு இவற்றைச் சுற்றித் தயாரிப்பாளர் சொன்ன இடைவெளியை அப்படியே விட வேண்டும். கம்பளி எளிதில் பற்றாது என்பது இந்த விதிக்கு விலக்கல்ல.

பாலித்தீன் தாள் போடலாமா

இதில் நிறைய வாக்குவாதம் உண்டு. கொள்கையளவில், காப்பின் உள்பக்கம் முழுக்க ஆவி புகாத தாளால் மூடினால் ஆவி தகட்டை எட்டாது. ஆனால் வேனில் நூற்றுக்கணக்கான ஸ்க்ரூ துளைகள், கம்பிகள், வளைவுகள். முழுசாக மூடுவது நடக்காத காரியம். ஓட்டை வழியே உள்ளே போன ஈரத்தைத் திரும்ப வெளியே விடாமல் அந்தத் தாளே பிடித்து வைத்துக்கொள்ளும். அப்போது கம்பளியின் குணமே வீணாகிறது. என் தீர்ப்பு: சாதாரண பாலித்தீன் வேண்டாம். மாதக்கணக்கில் உறைபனியில் வாழப்போகிறீர்கள் என்றால், ஈரத்துக்கேற்ப இறுகியும் தளர்ந்தும் ஆவியை விடும் சவ்வு ஒன்று கிடைக்கிறது. அதைப் போட்டு இணைப்புகளை நாடாவால் ஒட்டுங்கள். மற்றவர்களுக்கு, உள்சுவர்ப் பலகைகளை இடுக்கில்லாமல் நெருக்கமாகப் பொருத்துவதே போதும். ஏனென்றால் பலகையின் ஊடே மெல்லப் பரவும் ஆவியைவிட, இடுக்கு வழியே ஓடும் காற்று தூக்கிச் செல்லும் ஆவி பல மடங்கு அதிகம்.

உள்பலகையைச் சட்டத்தில் நேராக முடுக்கினால் ஒவ்வொரு ஸ்க்ரூவும் ஒரு வெப்பப் பாலம். கார்க் ஒட்டிய சட்டத்தின் மேல் ரிவெட் நட் (தகட்டுத் துளையில் இறுக்கி வைக்கும் நட்) மூலம் மரச்சட்டத்தைப் பொருத்தி, பலகையை அந்த மரத்தில் முடுக்குங்கள்.

கண்ணாடி

ஒவ்வொரு கண்ணாடிக்கும் அட்டையில் அளவெடுத்து, வெளியே தடித்த துணி, நடுவே கம்பளி, உள்ளே பருத்தித் துணி என மெத்தைபோல் தைத்து, ஓரத்தில் காந்தம் வையுங்கள். ஓரம் தகட்டோடு ஒட்டி உட்கார வேண்டும். இடைவெளி இருந்தால் பின்னால் காற்று புகுந்து கண்ணாடியில் நீர் ஓடையாக வழியும். எப்படித் தைத்தாலும் கொஞ்சம் வியர்க்கும். காலையில் கழற்றி உலர்த்துவதை அன்றாட வேலையாக வைத்துக்கொள்ளுங்கள்.

காற்றோட்டமும் வெயிலும்

ஈரத்தை வெளியேற்ற இரண்டு வழி வேண்டும்: கூரையில் ஒரு காற்றாடி, தாழ்வாக எங்காவது ஒரு காற்றுத் துளை. ஒன்று மட்டும் இருந்தால் காற்று நகராது. குளிரிலும் சமைக்கும்போது காற்றாடி ஓடட்டும். உறங்கும்போதும் சிறிது திறந்திருக்கட்டும். கொஞ்சம் வெப்பம் போகும், போகட்டும். எரித்துச் சூடேற்றும் எதுவும் வண்டிக்குள் இருந்தால் கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி இல்லாமல் ஓர் இரவுகூடப் படுக்காதீர்கள்.

வெயில் ஊர்களில் பயணிப்பவர்கள் கூரைக்கு முதலிடம் கொடுங்கள். சூரியன் நேராக அடிப்பது அங்கேதான். காப்பு வேனைக் குளிரவைக்காது, சூடு உள்ளே வருவதைத் தாமதப்படுத்தும். நாள் முழுதும் வெயிலில் நின்றால் எந்தக் காப்பு போட்டாலும் மாலையில் உள்ளே சூடுதான். வெளிர்நிறக் கூரை, நிழல், காற்றாடி இந்த மூன்றோடு சேர்ந்தால்தான் காப்பின் பலன் தெரியும்.

திறந்து பார்க்க ஒரு பலகை

பின்சக்கரத்துக்குப் பின்னால், சுவரின் அடியில், ஒரு பலகையை மட்டும் நான்கு ஸ்க்ரூவில் கழற்றும்படி வைத்துக்கொள்ளுங்கள். கூரை ஓரத்தில் இன்னொன்று. முதல் குளிர்காலமோ மழைக்காலமோ முடிந்ததும் இரண்டையும் திறந்து, கம்பளிக்குள் கைவிட்டுத் தகட்டைத் தொட்டுப் பாருங்கள், மூக்கையும் வைத்துப் பாருங்கள். கீழ்ப்பலகையில் மட்டும் ஈரம் என்றால் கதவு ரப்பர், ஜன்னல் ஓரம், வடிகால் துளை என்று வெளிநீர் வரும் வழியைத் தேடுங்கள். மேலே ஈரமும் பூஞ்சை வாடையும் இருந்தால் அது உங்கள் மூச்சும் சமையலும். காற்றாடி ஓடும் நேரத்தைக் கூட்டி, பலகை இடுக்குகளை அடைத்து, நனைந்த கம்பளியை வெளியே எடுத்து வெயிலில் ஒரு நாள் காயவைத்துவிட்டுத் திரும்ப வையுங்கள்.